பேர் மாறின ஃபெர்ரிகள்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், ஒரு கார் ஃபெர்ரி தன் ஆயுசுல நாலஞ்சு முதலாளியைப் பாத்துடும், ஒவ்வொருத்தரும் ஒரு பேர் வைப்பாங்கன்னு. அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கல, அதனால இந்தத் தடவை வேற எதையும் எடுக்கல, முழுக்க ஃபெர்ரிதான். கார், லாரி, பஸ் எல்லாத்தையும் நேரா உள்ள ஓட்டிட்டுப் போய் நிறுத்திட்டு, ஆளுங்க மேல ஏறி கேபின்ல தூங்கி எழுந்து, காலைல வேற நாட்டுல அதே வண்டில வெளிய வர்றாங்களே, அந்தக் கப்பல்களைத்தான் சொல்றேன்.

சரக்குக் கப்பலும்தான் கை மாறுது. ஆனா ஃபெர்ரியை மட்டும் பத்து வருஷத்துலயே வித்துடறாங்களே, அதுக்குள்ள அதுல என்ன பழசாயிடும்? (ஒரு கல்லூரி மாணவர்)

கப்பல் பழசாகறதில்லங்க, அது ஓடற வழி அதைவிடப் பெருசா வளந்துடுது. சரக்குக் கப்பலுக்கு இன்னிக்கு ஒரு துறைமுகம், நாளைக்கு வேற துறைமுகம். ஃபெர்ரி அப்படி இல்ல, அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி, ரெண்டே ரெண்டு துறைமுகத்துக்குன்னு வரையறாங்க. அங்க தண்ணி எவ்வளவு ஆழம், வண்டி ஏறி இறங்கற சாய்வுப் பலகை, அதான் ராம்ப், எந்த உயரத்துல இருக்கு, சாயங்காலம் கிளம்பி காலைல எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும், அந்தக் கடல்ல அலை எப்படி, குளிர்காலத்துல பனி உறையுமா, இது எல்லாம் அந்த வரைபடத்துக்குள்ள இருக்கும்.

பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவுல வைக்கிங் லைன், சில்யா லைன்னு ரெண்டு கப்பல் கம்பெனிக்கும் நடந்த போட்டியைப் பாத்தா இது புரியும். 1980ல வந்த வைக்கிங் சாலி 155 மீட்டர் நீளம், 2,000 பேர், 460 கார், அன்னிக்கு டுர்க்கு - மரியாஹாம்ன் - ஸ்டாக்ஹோம் வழில அதுதான் பெருசு. பத்தே வருஷத்துல, 1990ல, பக்கத்து வழியான ஹெல்சிங்கி - ஸ்டாக்ஹோம்ல சில்யா செரினேட் வந்து நிக்குது, அதுக்கு 58,000 டன் கணக்கு (எடை இல்ல, உள்ள இருக்கற இடத்தோட அளவு), உள்ளுக்குள்ளயே கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கடைத்தெரு ஓடுது. டிக்கெட்ல பெரிய காசு கிடையாது, வரியில்லாம விக்கற கடையும் சாப்பாட்டுக் கூடமும்தான் அந்தக் கப்பல்களுக்கு சம்பாதிச்சுக் குடுத்துச்சு, அதனால கடை சின்னதா இருந்தா அந்தக் கப்பல் போட்டில தோத்துடுச்சுன்னு அர்த்தம். (1999 ஜூலை 1ல ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வரியில்லா விற்பனையை நிறுத்தினப்பவும் ரெண்டு நாட்டுக்கும் நடுவுல, மரியாஹாம்ன் இருக்கற ஓலண்ட் தீவுகளுக்கு மட்டும் விலக்கு இருந்துச்சு. இன்னிக்கும் நடுராத்திரில மரியாஹாம்ன்ல ஒரு பெரிய ஃபெர்ரி கொஞ்ச நேரம் ஒதுங்கிட்டுப் போகுதுன்னா காரணம் அதுதான்.) பத்து வயசு ஃபெர்ரிக்கு நல்ல விலை கிடைக்கும், வாங்கறவங்களுக்கு அது புதுக் கப்பல் மாதிரிதான், விக்கறவங்க அந்தக் காசுல இன்னும் பெருசா ஒண்ணு கட்டலாம், இப்படித்தான் கை மாறுது.

எஸ்டோனியா கப்பலுக்கு அதுக்கு முன்னாடி மூணு பேர் இருந்துச்சாமே? பேர் மாறினதுக்கும் அது முழுகினதுக்கும் சம்பந்தம் உண்டா? (ஒரு வாசகி)

பேருக்கு சம்பந்தம் இல்லம்மா. ஆனா வழி மாறினதுக்கு சம்பந்தம் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், ஏன்னா இந்த ஒரு கப்பலைப் புரிஞ்சுக்கிட்டா இந்தப் பக்கத்துல இருக்கற மத்த பதில் எல்லாம் பாதி புரிஞ்ச மாதிரி.

மேல சொன்ன அந்த வைக்கிங் சாலிதான் எஸ்டோனியா. ஜெர்மனில பாப்பன்பர்க்ல மேயர் யார்டுல கட்டி 1980ல குடுத்தாங்க. 1990ல சில்யா ஸ்டார் ஆச்சு, 1991ல பின்லாந்தோட வாசாவுக்கும் ஸ்வீடனோட உமேயோவுக்கும் நடுவுல வாசா கிங்ங்கற பேர்ல ஓடுச்சு. 1993 ஆரம்பத்துல எஸ்ட்லைன்கிட்ட வந்துச்சு, அது ஸ்வீடன் கம்பெனி ஒண்ணும் எஸ்டோனிய அரசு கப்பல் நிறுவனமும் சேந்து நடத்தினது. 1991ல சுதந்திரத்தை மீட்ட ஒரு சின்ன நாடு, தன் பேரையே அந்தக் கப்பலுக்கு வச்சுச்சு, தாலின்லேருந்து ஸ்டாக்ஹோம் போற அந்த வெள்ளைக் கப்பல் அவங்களுக்கு வெறும் போக்குவரத்து இல்ல, உலகத்துக்குத் திறந்த கதவு. அதை நினைக்கறப்பதான் எனக்கு மனசு இன்னும் கனக்குது.

இப்ப வழியைப் பாருங்க. டுர்க்குலேருந்து ஸ்டாக்ஹோம் போற பாதை பெரும்பாலும் தீவுகளுக்கு நடுவுல, காத்தும் அலையும் மறைஞ்ச தண்ணில, நடுவுல கொஞ்ச தூரம்தான் திறந்த கடல். தாலின் - ஸ்டாக்ஹோம் அப்படி இல்ல, ராத்திரி முழுக்க திறந்த பால்டிக் கடல், தென்மேற்குக் காத்து அடிச்சா அலை நேரா கப்பலோட மூக்குல வந்து மோதும். அந்த மூக்குதான் இந்தக் கப்பல்ல மேல தூக்கித் திறக்கற மாதிரி இருந்துச்சு, வைசர்னு சொல்லுவாங்க, கிட்டத்தட்ட 55 டன் எடை, ஹெல்மெட்டோட முன்கண்ணாடியை மேல தூக்கற மாதிரி. அதுக்குப் பின்னால ராம்ப். சர்வதேச விதிப்படி மூக்குக்குப் பின்னால குறிப்பிட்ட தூரம் தள்ளி ஒரு மோதல் தடுப்புச் சுவர் இருக்கணும், இதுல அந்த ராம்ப்பே சுவரோட மேல்பாகம்னு கணக்கு வச்சிருந்தாங்க, ஆனா அது விதி சொல்ற இடத்துக்கு முன்னாலயே இருந்துச்சு. கரைலேருந்து 20 நாட்டிகல் மைலுக்கு மேல விலகாத கப்பலுக்கு அதுல சலுகை குடுக்கற வழக்கம் இருந்துச்சு. தீவுகளுக்கு நடுவுல ஓடறப்ப யாருக்கும் அது உறுத்தல. வழி மாறினப்பவும் யாரும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாக்கல.

1994 செப்டம்பர் 28, அதிகாலை ஒரு மணிக்கு மேல. அலை உயரம் நாலு மீட்டர் கிட்ட, கப்பல் 14 நாட் (மணிக்கு சுமார் 26 கிலோமீட்டர்) வேகத்துல போயிட்டிருக்கு. வைசரோட பூட்டுகள் ஒண்ணொண்ணா உடைஞ்சு, வைசர் முன்னால சாஞ்சு விழறப்ப ராம்ப்பையும் இழுத்துத் திறந்துட்டுப் போயிடுச்சு, ஏன்னா ராம்ப்போட மேல்முனை வைசருக்குள்ள இருந்த ஒரு கூட்டுக்குள்ள சொருகியிருந்துச்சு. கப்பலை ஓட்டற அறையான பிரிட்ஜ்ல நிக்கறவங்களுக்கு அங்கேருந்து வைசர் தெரியவே தெரியாது. தண்ணி நேரா கார் டெக்குக்குள்ள. 1:50 வாக்குல ரேடார்லேருந்து கப்பல் மறைஞ்சு போச்சு. 989 பேர்ல பிழைச்சவங்க 137 பேர், 852 பேர் போயிட்டாங்க.

மூணு நாட்டு விசாரணைக் குழு 1997ல குடுத்த அறிக்கைல ஒரு விஷயம் என்னை விட்டு அகலல. அந்த மாதிரி கடலை அந்தக் கப்பல் தாலின் - ஸ்டாக்ஹோம் வழில அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு தடவைதான் பாத்திருக்கும், பழைய வழிகள்ல மூக்குல அவ்வளவு பலமா அலை வாங்கற வாய்ப்பே ரொம்பக் குறைவுன்னு சொன்னாங்க. அதாவது பூட்டுகள் 1980லேருந்தே பலவீனம்தான், பதிமூணு வருஷமா சோதனை வரல, அவ்வளவுதான். அதே யார்டுல கட்டின, கிட்டத்தட்ட இதே மாதிரியான டயானா 2ங்கற ஃபெர்ரில 1993 ஜனவரிலயே வைசர் பூட்டு சேதமாயிருந்துச்சு, அந்தச் செய்தி இந்தக் கப்பல்காரங்க கைக்கு வந்து சேரல. 2020ல கப்பல் உடம்புல ஒரு ஓட்டையைப் படம் எடுத்துக் காட்டினதும் மறுபடி வெடிகுண்டு, மோதல்னு பேச்சு வந்துச்சு, மறுபடி ஆராய்ஞ்சு 2023ல குடுத்த இடைக்கால அறிக்கைல வெடிச்ச தடயமோ வேற கப்பல் மோதின தடயமோ இல்ல, அடியில இருக்கற பாறைல பட்ட சேதம்தான்னு சொல்லியிருக்காங்க.

கப்பலோட பேரை மாத்தினா ராசி கெட்டுப் போகும்னு மாலுமிகள் நம்புவாங்களாமே? (ஒரு மூத்த வாசகர்)

நம்பறவங்க இருக்காங்க ஐயா, நான் அதுல வாதம் பண்ணல. ஆனா ஃபெர்ரி உலகத்துல பேர்ங்கறது கம்பெனி விளம்பரம். அரிதா மறைக்கறதுக்காகவும் மாத்துவாங்க. 1987ல பெல்ஜியத்தோட சீப்ரூக் துறைமுகத்துக்கிட்ட கவுந்த ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸைத் தூக்கி நிமித்தினப்புறம், ஃப்ளஷிங் ரேஞ்ச்னு புதுப் பேர் எழுதித்தான் தைவானுக்கு உடைக்க இழுத்துட்டுப் போனாங்க. கூடப் பிறந்த கப்பல்களோட பேரும் மாறுச்சு. பழைய பேர் முழுசா போயிடும்னும் சொல்ல முடியாது, மூக்குல எழுத்துக்களை வெல்டு பண்ணித்தான் வரைவாங்க, அதை சரியா தேய்க்காம மேல பெயின்ட் அடிச்சிருந்தா, சாயங்கால வெயில் சாய்வா விழறப்ப முதல் பேர் புடைச்சுக்கிட்டு தெரியும், கையால தடவினாலே படிச்சுடலாம்.

புது முதலாளி வாங்கினதும் கப்பலை மாத்திக் கட்டறாங்களே, அது எந்த அளவுக்கு சரி? (ஒரு சிவில் இன்ஜினியர்)

நீங்க கட்டடக்காரர், மேல ஒரு மாடி ஏத்தணும்னா அஸ்திவாரத்தைப் பாப்பீங்க இல்லையா. கப்பலுக்கு அஸ்திவாரம் அதோட ஈர்ப்பு மையம். அது எவ்வளவு கீழ இருக்கோ, சாஞ்ச கப்பல் அவ்வளவு பலமா நிமிரும்.

தென் கொரியாவோட செவோல் 1994ல ஜப்பான்ல கட்டினது, ஃபெர்ரி நாமினோவேங்கற பேர்ல பதினெட்டு வருஷம் ககோஷிமா - ஒகினாவா பக்கம் ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு. கொரியால பயணிகள் கப்பலோட வயசு வரம்பை 2009ல 30 வருஷமாத் தளர்த்தியிருந்தாங்க, 2012ல வாங்கினாங்க. வாங்கினதும் பின்பக்கம் மேல்தளத்துல கேபின் சேத்தாங்க, ஈர்ப்பு மையம் 51 சென்டிமீட்டர் மேல ஏறிடுச்சு. அரை மீட்டர்தானேன்னு தோணும். அந்த அரை மீட்டரை ஈடுகட்டத்தான் சர்வே பண்ணவங்க ஒரு நிபந்தனை போட்டாங்க, சரக்கு 987 டன்னுக்கு மேல ஏத்தக் கூடாது, கப்பல் நிலையா நிக்கறதுக்காக அடித் தொட்டிகள்ல நிரப்பற பேலஸ்ட் தண்ணி இவ்வளவு கண்டிப்பா இருக்கணும்னு. 2014 ஏப்ரல் 16 அன்னிக்கு அதுல இருந்த சரக்கு 2,142 டன். அவ்வளவு ஏத்தினா கப்பல் உடம்புல போட்டிருக்கற பார எல்லைக் கோடு தண்ணிக்குள்ள போயிடும், மாட்டிக்குவாங்க, அதனால பேலஸ்ட் தண்ணியைக் குறைச்சாங்க. மேல கனம் கூடுது, கீழ கனம் குறையுது, போதாக்குறைக்கு சரியா கட்டாத சரக்கு. ஒரு திருப்பத்துல கப்பல் சாஞ்சது, சரக்கு சரிஞ்சது, திரும்ப நிமிரல. 476 பேர்ல 304 பேர் இறந்தாங்க, அதுல 250 பேர் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, கேபின்லயே இருங்கன்னு ஒலிபெருக்கில சொன்னதைக் கேட்டு உக்காந்திருந்தவங்க. இதை எழுதறப்ப இன்னிக்கும் கோபம் வருது எனக்கு.

இன்னொண்ணு, இத்தாலில 1970ல கட்டின போக்காச்சியோ. 1991ல அங்கயே பக்கவாட்டுல அகலப்படுத்தி மேல தளங்கள் ஏத்தினாங்க, அப்புறம் எகிப்துக்கு வித்தாங்க, அல் சலாம் போக்காச்சியோ 98 ஆச்சு. 2006 பிப்ரவரி 3, செங்கடல், சவூதியோட துபாலேருந்து சஃபாகாவுக்கு சுமார் 1,400 பேரோட வர்றப்ப தீ பிடிச்சுச்சு. தீயை அணைக்க அடிச்ச தண்ணி கார் டெக்லயே தேங்கி, கப்பல் சாஞ்சு சாஞ்சு கவுந்துடுச்சு. ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க.

மாத்திக் கட்டறது தப்புன்னு சொல்லல. முறையா கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு சொல்ற நிபந்தனையை தினமும் மதிக்கற முதலாளிகிட்ட மாத்திக் கட்டின கப்பலும் பத்திரமா ஓடும். நிபந்தனை அலமாரில இருக்கறப்பதான் சிக்கல்.

தீயை அணைச்ச தண்ணில ஒரு கப்பல் கவுருமா? பத்தாயிரம் டன் கப்பலுக்கு அந்தத் தண்ணி எம்மாத்திரம்? (ஒரு இல்லத்தரசி)

நல்ல கேள்வி. ஒரு பெரிய தாம்பாளத்துல விரல்கடை அளவு தண்ணி ஊத்தி ரெண்டு கையால தூக்கி நடந்து பாருங்க. லேசா ஒரு பக்கம் சாஞ்சதும் தண்ணி முழுக்க அந்தப் பக்கம் ஓடும், ஓடினதும் இன்னும் சாயும். அதே தண்ணியை ஒரு சொம்புல தூக்கினா ஒண்ணும் ஆகாது. தண்ணியோட எடையை விட அது ஓடறதுக்கு எவ்வளவு அகலமான இடம் இருக்குங்கறதுதான் விஷயம். அகலம் ரெண்டு மடங்கானா கெடுதல் எட்டு மடங்கு. நடுவுல நீளவாக்குல ஒரே ஒரு சுவர் வச்சா கெடுதல் நாலுல ஒரு பங்காக் குறைஞ்சுடும். மத்த கப்பல்கள்ல அடிவயித்துல சுவர் சுவரா இருக்கும், ஆனா ஃபெர்ரியோட கார் டெக் முழுக்க ஒரே கூடம், லாரி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கணுமே, அதனால நடுவுல தடுக்க முடியாது. அந்த வசதிதான் ஃபெர்ரியோட பலவீனமும்.

ஹெரால்ட் 1987 மார்ச் 6ல மூக்குக் கதவை மூடாமலேயே கிளம்பி, உள்ள புகுந்த தண்ணில ஒண்ணரை நிமிஷத்துல கவுந்துச்சு, 193 பேர் செத்தாங்க. கதவை மூட வேண்டியவர் தூங்கிட்டார்ங்கறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா அந்தக் கப்பல் டோவர் - கலே வழிக்காகக் கட்டினது. அன்னிக்கு ஓடினது சீப்ரூக் வழில, அங்க ஓதம் (கடல் மட்டம்) ஏறினப்ப ராம்ப் மேல்தளத்துக்கு எட்டல, அதனால முன்பக்கத் தொட்டில தண்ணி நிரப்பி மூக்கைத் தாழ்த்தித்தான் வண்டி ஏத்தினாங்க, அந்தத் தண்ணியை முழுசா வெளியேத்தறதுக்குள்ள கிளம்பிட்டாங்க. தாழ்ந்த மூக்கு, திறந்த கதவு. கதவு மூடியிருக்கான்னு பிரிட்ஜ்ல ஒரு விளக்கு வைங்கன்னு கேப்டன்கள் முன்னாடியே கேட்டிருந்தாங்க, வைக்கல.

எஸ்டோனியாவுக்குப் பிறகு 1996ல வடமேற்கு ஐரோப்பிய நாடுகள் ஸ்டாக்ஹோம்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, கார் டெக்ல அரை மீட்டர் வரைக்கும் தண்ணி நின்னாலும் கப்பல் கவுராதுன்னு கணக்குல காட்டணும்னு. அதுக்காக பல பழைய ஃபெர்ரிகள்ல டெக்குக்குக் குறுக்க மடக்கற கதவுகள் வச்சாங்க, சிலதுல உடம்போட ரெண்டு பக்கமும் மிதவை மாதிரி அகலம் கூட்டினாங்க.

மெரைன் இன்ஜினியரிங் முடிச்சேன் சார். முதல் வேலையே 28 வயசு ஃபெர்ரில, மூணாவது முதலாளி. போனதும் எதை முதல்ல பாக்கணும்? (ஒரு இளைஞர்)

வாழ்த்துகள் தம்பி. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு, அதனால என் கதையைச் சொல்றேன்.

நான் ஜூனியரா ஏறின ஃபெர்ரிக்கும் அது மூணாவது கை. இன்ஜின் ரூம்ல ஒவ்வொரு வால்வுக்கும் மூணு பேர் இருக்கும், முதல் முதலாளி மொழில பித்தளைத் தகடு, அதுக்குப் பக்கத்துல ரெண்டாவது முதலாளி ஒட்டின பிளாஸ்டிக் பட்டை, அதுக்கு மேல எங்க ஆளுங்க மார்க்கர் பேனால கிறுக்கினது. ஒரு ராத்திரி லாரி ஏத்திட்டு இருக்கறப்ப கப்பல் இடது பக்கம் லேசா சாஞ்சுது, பேலஸ்ட் தண்ணியை வலது பக்கம் மாத்தச் சொன்னாங்க. பிளானைப் பாத்து வால்வைத் திறந்தேன், பம்ப்பைப் போட்டேன். சாய்வு குறையறதுக்கு பதிலா கூடுது. நாலு டிகிரிதான், ஆனா மேல கார் டெக்ல ட்ரெய்லரைக் கட்டியிருந்த சங்கிலி விறைச்சு கிர்ருனு ஒரு சத்தம் வருது பாருங்க, அது இன்னும் என் காதுல இருக்கு. ரெண்டாவது முதலாளி காலத்துலேருந்தே அந்தக் கப்பல்ல இருந்த ஒரு பழைய மோட்டர்மேன் ஓடி வந்து, நான் பேரே கேள்விப்படாத ஒரு வால்வை, தரைத் தகட்டைத் தூக்கி உள்ள கைவிட்டு மூடினார். விஷயம் என்னன்னா நடுவுல எப்பவோ ஒரு பைப் லைனை மாத்திப் போட்டிருக்காங்க, வேலை நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, வரைபடத்துல மட்டும் ஏத்தல. கப்பலை வித்தப்ப அந்த வரைபடம்தான் கூட வந்துச்சு. உண்மை அந்த ஒரு மனுஷன் தலைக்குள்ள இருந்துச்சு, அவர் அந்த வாரம் லீவுல போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் பல ராத்திரி யோசிச்சிருக்கேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம், ட்யூட்டி முடிஞ்சதும் ஒரு டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு பைப்பையும் தொட்டிலேருந்து பம்ப் வரைக்கும் கையாலயே தடவிக்கிட்டுப் போய் நானே ஒரு பிளான் வரைஞ்சேன்.

அதனால பிளானை நம்பாதீங்க, பைப்பை நம்புங்க. பழைய ஆள் யாராவது இருந்தா அவர்கூட டீ குடிங்க. கப்பல் எவ்வளவு சாஞ்சா நிமிரும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கற ஸ்டெபிலிட்டி புக்கோட தேதியைப் பாருங்க, கடைசியா கப்பலை மாத்திக் கட்டின தேதி அதுக்குப் பிறகா இருந்தா உடனே சீஃப் இன்ஜினியர்கிட்ட கேளுங்க, தயங்காம. கார் டெக்ல தண்ணி வடியற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் குனிஞ்சு விரலை விட்டுப் பாருங்க, கந்தல் துணி, கயித்துத் துண்டு, மரச் சில்லு எல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கும். அப்புறம் உங்க கேபின்லேருந்து படகு இருக்கற தளத்துக்கு ஒரு தடவை விளக்கில்லாம நடந்து போய்ப் பாருங்க.

கடைசியா சொன்னதுக்கு காரணம் ஸ்காண்டிநேவியன் ஸ்டார். 1971ல பிரான்ஸ்ல மசாலியாங்கற பேர்ல பிறந்து, பல கை மாறி, அமெரிக்கப் பக்கம் சூதாட்ட உல்லாசக் கப்பலா ஓடிட்டு இருந்ததை 1990ல ஆஸ்லோ - ஃப்ரெட்ரிக்ஸ்ஹாவ்ன் கார் ஃபெர்ரியா கொண்டு வந்தாங்க. ஏப்ரல் முதல் வாரம்தான் ஓட ஆரம்பிச்சுது, ஏப்ரல் 7 அதிகாலைல தீ. புது ஆளுங்க, கப்பல் அவங்களுக்குப் பழகவே இல்ல, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியல, 159 பேர் இறந்தாங்க, புகைலதான் அதிகம் பேர். ஹெரால்டும் இதுவும் சேந்துதான் கப்பல் கம்பெனிகளோட பாதுகாப்பு நிர்வாகத்துக்கே ஒரு சர்வதேச விதி வர்றதுக்குக் காரணம், பயணிகள் கப்பல்களுக்கு 1998 ஜூலைலேருந்து கட்டாயம் ஆச்சு.

அப்ப பழைய ஃபெர்ரில ஏறவே கூடாதா? (பலர்)

அப்படி இல்லவே இல்ல. 1975லயும் 1976லயும் லூபெக்ல கட்டின டோர் பிரிட்டானியா, டோர் ஸ்காண்டிநேவியா ரெண்டும் வட கடல்ல ஓடி, அப்புறம் டென்மார்க் கம்பெனியான டிஎஃப்டிஎஸ்கிட்ட பிரின்ஸ், பிரின்சஸ் ஆஃப் ஸ்காண்டிநேவியான்னு ஓடி, வயசான காலத்துல மோபி கம்பெனிக்காக இத்தாலிக்கும் சார்டீனியாவுக்கும் நடுவுல, உடம்பு முழுக்க கார்ட்டூன் பொம்மை வரைஞ்சுக்கிட்டு ஓடுச்சுங்க. நாப்பது வருஷம். வட கடலைத் தாங்கக் கட்டின கப்பலுக்கு மத்தியதரைக் கடல் சுமையில்ல. கஷ்டமான வழிலேருந்து லேசான வழிக்கு வந்த கப்பல் நிம்மதியா இருக்கும், லேசான வழிலேருந்து கஷ்டமான வழிக்குப் போற கப்பலைத்தான் மறுபடி முதல்லேருந்து சோதிக்கணும்.

உங்களுக்குப் பிடிச்ச ஃபெர்ரி எது? (ஒரு பள்ளி மாணவி)

ஃபின்ஜெட், கண்ணு. 1977, ஹெல்சிங்கில வார்ட்சிலா யார்டுல கட்டினது. விமான இன்ஜின் மாதிரியான கேஸ் டர்பைன் ரெண்டு, மொத்தம் 75,000 குதிரைசக்தி, வேகம் முப்பது நாட் அளவையும் தாண்டும். ஹெல்சிங்கிலேருந்து ஜெர்மனியோட டிராவமுண்டேவுக்கு 22 மணி நேரத்துல போயிடும், அன்னிக்கு உலகத்துலயே பெரிய, வேகமான கார் ஃபெர்ரி. ஆனா அதை யோசிச்சப்ப எண்ணெய் மலிவு, தண்ணில இறங்கறப்ப எண்ணெய் நெருப்பு விலை. 1980களோட ஆரம்பத்துலயே டீசல் - எலக்ட்ரிக் இன்ஜினும் கூடச் சேத்தாங்க, ஆள் கம்மியான குளிர்காலத்துல அதை வச்சு மெதுவா ஓட்டுவாங்க. ஒரே வழிக்காக அவ்வளவு கச்சிதமா வரைஞ்சதால அந்த வழி போனப்புறம் அதுக்கு வேற இடம் சரியா அமையல. 2005ல கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவுல லூசியானா பல்கலைக்கழகத்து ஆளுங்க தங்கற விடுதியா மிசிசிப்பி ஆத்துல நின்னுச்சு. அப்புறம் உல்லாசக் கப்பலா மாத்தறோம்னாங்க, நடக்கல, டா வின்சின்னு பேர் மாறி 2008ல உடைக்கறதுக்காக குஜராத்தோட அலங் கரைக்கு வந்துச்சு.

அலங்ல பெரிய ஓதம், ஏற்ற இறக்கம் பத்து மீட்டர் அளவுக்கு இருக்கும். ஓதம் உச்சத்துல இருக்கறப்ப கப்பலை முழு வேகத்துல கரையைப் பாத்து ஓட்டி சேத்துல ஏத்திடுவாங்க. தண்ணி வடிஞ்சதும் அது அங்கயே நிக்கும். ஸ்காண்டிநேவியன் ஸ்டாரும் வேற பேர்ல அங்கதான் 2004ல வந்து சேந்துச்சு.

சின்ன வயசுல அப்பாகூட ஒரு ஃபெர்ரில போனேன். பேர் மட்டும் ஞாபகம் இருக்கு, இப்ப அது எந்தப் பேர்ல எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? (ஒரு வாசகர்)

பேரை வச்சு ஆரம்பிங்க, ஆனா தேட வேண்டியது நம்பரை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) நம்பர்னு ஏழு இலக்கம் உண்டு, 1987ல கொண்டு வந்து 1996லேருந்து கட்டாயம் ஆக்கினாங்க. முதலாளி, கொடி, பேர் எது மாறினாலும் அது மாறாது. இப்ப உடம்புலயே நிரந்தரமா பதிக்கணும்னு விதி, பயணிகள் கப்பல்ல மேலேருந்து பாத்தாலும் தெரியற மாதிரி எழுதியிருக்கும். பழைய பேரைத் தேடி அந்த ஏழு இலக்கத்தைப் பிடிச்சுட்டீங்கன்னா மீதி வாழ்க்கை முழுக்க வந்துடும்.

நம்பர் சரியா எழுதியிருக்கான்னு நீங்களே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கத்தை வரிசையா 7, 6, 5, 4, 3, 2ஆல பெருக்கிக் கூட்டுங்க, வர்ற தொகையோட கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமா இருக்கும். எஸ்டோனியாவோட நம்பர் 7921033. போட்டுப் பாருங்க: 49, 54, 10, 4, 0, 6. கூட்டினா 123, கடைசி இலக்கம் 3, சரியா வருது. வைக்கிங் சாலியா டுர்க்குலேருந்து கிளம்பினப்பவும் அதே நம்பர்தான். அதை இனி வேற எந்தக் கப்பலுக்கும் குடுக்க மாட்டாங்க.